ஸ்கூபா, கம்ப்ரசர் காற்று, உடம்புக்குள் குமிழ்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். பிழைப்பு புதுச்சேரியில், ஸ்கூபா இறங்க, அதாவது காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு முக்குளிக்க, வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை. சனி, ஞாயிறு கூட்டத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, அரூர் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். ஊருக்குப் போனால் கிணற்று வேலை செய்கிறவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் குமிழ் உண்டாகி வரும் நோயைப் பற்றித்தான், சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றி வரும் இடங்களில், முக்குளிப்புப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதலுதவியோடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணா, சிலிண்டர்ல இருக்கறது ஆக்சிஜன் தானே? அப்புறம் நைட்ரஜன் எங்கிருந்து வருது?

சிலிண்டரில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுதான். வடிகட்டி, ஈரம் எடுத்து, அழுத்தி அடைத்திருக்கிறோம். அதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சுத்த ஆக்சிஜனோடு கடலில் இறங்கினால் 6 மீட்டரைத் தாண்டும்போதே அது நஞ்சாக மாறத் தொடங்கும். வலிப்பு வரும். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம்.

ஆக்சிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனை உடம்பு எதற்கும் பயன்படுத்துவதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதுதான் வேர்.

உடம்புக்குள்ள குமிழ் எப்படிங்க வருது? புரியற மாதிரி சொல்லுங்க.

கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணீருக்கும் இன்னொரு 1 கூடும். 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. அழுத்தம் கூடக் கூட, திரவத்தில் வாயு கரைவதும் அதே விகிதத்தில் கூடும். அப்படித்தான் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து தசை, கொழுப்பு, மூட்டு, தண்டுவடம் எல்லாவற்றுக்கும் நைட்ரஜன் போய்ச் சேர்கிறது. தண்ணீரில் கரைவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு கொழுப்பில் கரையும். கீழே இருக்கும்வரை இதனால் குமிழ்த் தொல்லை இல்லை. மேலே வரும்போதுதான் விவகாரம்.

கோலி சோடா பாட்டிலைப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழும் தெரியாது. கோலியைத் தட்டியதும் பொங்கும். உற்றுப் பார்த்தால் குமிழ்கள் எல்லா இடத்திலும் கிளம்புவதில்லை. கண்ணாடியில் கீறல் உள்ள இடம், தூசி ஒட்டிய இடம், அங்கிருந்துதான் வரிசையாக ஏறும். நம் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வாயுத் துளிகள் ஏற்கெனவே ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றும், அழுத்தம் சட்டென்று இறங்கும்போது கரைந்திருந்த நைட்ரஜன் அவற்றுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது என்றும்தான் விளக்குகிறார்கள். மெதுவாக ஏறினால் நைட்ரஜன் ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறிவிடும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்று கையைப் பிடித்து நிறுத்துகிறோம்.

ரத்தத்துல காத்து போனா ஆள் செத்துடுவாங்கன்னு சொல்றாங்களே? ட்ரிப்ஸ் குழாய்ல குமிழ் போறதைப் பார்த்தாலே எனக்கு பயம்.

ட்ரிப்ஸ் குழாயில் வரும் சின்னக் குமிழ் சிரை வழியாக இதயத்தின் வலப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலில் சிக்கி, கரைந்து வெளியேறிவிடும். நுரையீரல் ஒரு நல்ல வடிகட்டி. முக்குளித்துவிட்டு வந்தவர்களை அல்ட்ராசவுண்டு கருவியால் சோதித்தால், எந்தத் தொந்தரவும் இல்லாத பலரின் சிரையிலும் குமிழ்கள் ஓடுவது தெரியும்.

குமிழ் அதிகமானாலோ, வடிகட்டியைத் தாண்டித் தமனிக்குப் போனாலோ, திசுவுக்குள்ளேயே உருவானாலோதான் ஆபத்து. அது ரத்த ஓட்டத்தை அடைக்கும், திசுவைக் கிழிக்கும், நரம்பை நசுக்கும். அதோடு முடிவதில்லை. குமிழ் உரசும் இடத்தில் ரத்தக் குழாயின் உட்சுவர் புண்ணாகி, அங்கே ரத்தம் உறையத் தொடங்கும், வீக்கம் வரும், நீர் கசியும். அதனால்தான் குமிழ் கரைந்த பிறகும் சிலருக்கு உடனே சரியாவதில்லை.

இந்தக் குமிழ் நோய் வந்தா எப்படித் தெரியும்? எங்க வலிக்கும்?

பெரும்பாலும் தோள், முழங்கை, முழங்கால். ஆழமான, குடைகிற மாதிரி வலி. எந்தப் பக்கம் மடக்கினாலும் நீட்டினாலும் குறையாது. சிலருக்குத் தோலில் அரிப்பு, சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள், தாங்க முடியாத அசதி. கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, தலைசுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி இவையெல்லாம் மோசமான அறிகுறிகள். சிறுநீர் வர வேண்டிய நேரத்தில் வராமல் அடிவயிறு கனத்தால், தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

பாதிப் பேருக்காவது மேலே வந்த முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அபூர்வம். நம் ஊரில் இந்த வலியை வாயுப் பிடிப்பு என்று சொல்லி, தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, பூண்டுக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுகிறோம். முக்குளித்த அன்றோ மறுநாளோ வரும் வலி என்றால் அப்படிச் செய்யாதீர்கள். கஷாயத்தால் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு ராத்திரி வீணாகிவிடும்.

சின்ன வயசுல இருந்து கிணத்துல முங்கறோம். ஒகேனக்கல்ல பசங்க பாறை மேல இருந்து குதிக்கறாங்க. எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?

நீங்கள் மேலே இழுத்த ஒரே ஒரு மூச்சோடு இறங்குகிறீர்கள். அந்த ஒரு நுரையீரல் காற்றில் இருக்கும் நைட்ரஜன்தான் மொத்தமும். ஒரு நிமிடத்தில் திரும்பிவிடுகிறீர்கள். கரைவதற்குப் பொருளும் இல்லை, நேரமும் இல்லை. ஒகேனக்கல்லில் குதிப்பவர்களுக்கு ஆபத்து பாறையும் சுழலும்தான், குமிழ் இல்லை.

ஆனாலும் மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு வரவே வராது என்று சொல்ல முடியாது. பசிபிக் கடலில் துவாமோட்டு தீவுகளின் முத்துக்குளிப்பவர்கள் 30 மீட்டருக்கும் கீழே நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப இறங்குவார்கள். அவர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்ததுண்டு. அதற்கு அங்கே தரவானா என்று பெயர். நம் கிணற்றில் அந்த ஆழமும் இல்லை, அந்த எண்ணிக்கையும் இல்லை.

நாங்க ஆழமே போகல, நீச்சல் குளத்துல ரெண்டு மீட்டர்தான். அதுல என்ன ஆகிடும்?

சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், ஒன்றரை மீட்டரே போதும். மேலே வர வர நுரையீரலில் உள்ள காற்று விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரலின் மெல்லிய அறைகள் கிழிந்து, காற்று நேராகத் தமனிக்குள் போய் மூளையைத் தொடும். மேலே வந்து பத்து நிமிடத்துக்குள் மயக்கம், வாய் கோணல், கை கால் விழுதல். இதற்கு நைட்ரஜன் கரைய வேண்டிய அவசியமே இல்லை. இது வேறு வகைக் குமிழ், வேகமான குமிழ்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நாங்கள் நூறு விஷயம் சொல்வோம். எல்லாம் மறந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: வாயில் சிலிண்டர் குழாய் இருக்கும்வரை மூச்சை நிறுத்தாதீர்கள்.

தம்பி, கிணத்துல மோட்டார் விழுந்துடுச்சு. கம்ப்ரசர் வண்டி ஹோஸை வாயில வெச்சிக்கிட்டு இறங்கி எடுக்கலாமா? ஒரு ஆள் அப்படித்தான் பண்றாராம்.

வேண்டாம் அண்ணா. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் இரண்டு மாவட்டத்திலும் கிணறு வெட்டுகிற, பாறை துளைக்கிற கம்ப்ரசர் ஊருக்கு ஊர் நிற்கிறது. அந்த இயந்திரம் பாறையைத் துளைக்கச் செய்தது. அதன் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கும். பக்கத்திலேயே டீசல் புகை வருவதால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே இழுக்கப்படும். மேலே கொஞ்சம் தலைவலி தருகிற அளவு புகை, தண்ணீருக்கடியில் அழுத்தத்தால் பல மடங்கு வேலை செய்யும். ஆள் கீழேயே மயங்கிவிடுவார்.

அடுத்தது, 60 அடி தண்ணீர் என்றால் 18 மீட்டர். அழுத்தம் கிட்டத்தட்ட 2.8. சங்கிலி மாட்ட ஒரு முறை, அவிழ்ந்ததை மறுபடி மாட்ட இன்னொரு முறை என்று அரை நாள் ஏறி இறங்கினால், ஒவ்வொரு இறக்கத்திலும் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். அந்த ஆழத்தில் மொத்தமாகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நிறுத்தமில்லாமல் மேலே வரக்கூடிய எல்லை. கணக்குப் பார்க்க கையில் கருவி இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரசர் குழாயில் சங்கு குளிப்பவர்களுக்கு மூட்டு வலியும் கால் முடங்குவதும் வருவது இந்தக் கணக்கு தவறுவதால்தான். கடைசியாக, எஞ்சின் நின்றால் காற்றும் நின்றது. பதறி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார். அதன் விளைவு மேலே உள்ள பதிலில் இருக்கிறது.

தண்ணீரை வேறு மோட்டார் வைத்து இறைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் பாதாளக் கரண்டியும் செயின் கப்பியும் வைத்து மேலிருந்தே முயலுங்கள். அடுத்த முறை மோட்டார் இறக்கும்போதே பைப்போடு சேர்த்து ஒரு நல்ல நைலான் கயிறும் கட்டிவிடுங்கள். மோட்டார் போனால் பணம்தான் போகும்.

கிணறு தூர் வாரறப்ப மயங்கி விழறாங்களே, அதுவும் இந்தக் குமிழ்தானா?

இல்லை. அது மூச்சுக்குக் காற்று இல்லாத சாவு. பாழுங்கிணற்றின் அடியில் கரியமில வாயு, சில சமயம் அழுகல் வாயு தேங்கி, ஆக்சிஜன் குறைந்திருக்கும். எஞ்சினை உள்ளே இறக்கித் தண்ணீர் இறைத்தால் புகையும் சேரும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி அவரும் விழுவதுதான் இதில் கொடுமை. யாரும் இறங்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் முதுகில் மாட்டும் காற்றுக் கருவி உண்டு.

மத்தியானம் வரைக்கும் டைவ் பண்ணிட்டு சாயங்காலமே ஓசூர் கிளம்பறோம். பஸ்ல தானே போறோம், ஃப்ளைட் இல்லையே?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வரும்போது ஏறுவதே தெரியாது. ஆனால் கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். சூளகிரி தாண்டி ஓசூர் போனால் ஏறக்குறைய 900. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்து சதவீதம் குறைவு. சென்னைக்காரர் டைவ் முடித்து வீட்டுக்குப் போனால் அதே மட்டத்தில் இருப்பார். நாம் வீடு போய்ச் சேரும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கிறோம். உடம்பில் மீதி நைட்ரஜன் இருக்கும்போது அழுத்தம் இன்னும் இறங்கினால் குமிழ் பெரிதாகும். பஸ்ஸா, விமானமா என்று உடம்புக்குத் தெரியாது.

அமெரிக்கக் கடற்படையின் அட்டவணை 300 மீட்டர் உயரத்திலிருந்தே காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடத் தொடங்குகிறது. விமானப் பயணத்துக்காக முக்குளிப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி 600 மீட்டருக்கு மேலுள்ள உயரங்களுக்கானது: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ இறங்கியிருந்தால் 18 மணி நேரம், இடையில் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிட அதிகம். ஓசூர் இந்த விதிக்குள் வருகிறது. ஏற்காடு 1500 மீட்டர், சொல்லவே வேண்டாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன் வரை போகிறவர்களுக்கு ஆபத்து குறைவு. முதல் முறை வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை என்பதால் அவர்களுக்கு இன்னும் குறைவு. இருந்தாலும் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் இறங்குங்கள், ராத்திரி புதுச்சேரியிலேயே தங்குங்கள், ஞாயிறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். லாட்ஜ் வாடகை பெரிய தொகை இல்லை.

ஃப்ளைட்டுக்குள்ளதான் காத்து அடைச்சு வெச்சிருக்காங்களே?

அடைத்திருக்கிறார்கள், ஆனால் தரையில் உள்ள அளவுக்கு இல்லை. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். அந்தமானில் கடைசி நாள் டைவ் செய்துவிட்டு மறுநாள் காலை முதல் விமானத்தைப் பிடிக்காதீர்கள்.

அவனும் நானும் ஒண்ணாத்தான் இறங்கினோம். வாட்ச்சும் எல்லாம் சரின்னுதான் காட்டுச்சு. அவனுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும்தான் அளக்கிறது. உங்கள் ரத்தத்தை அளப்பதில்லை. தண்ணீர் குடிக்காதது, முந்தின ராத்திரி குடித்தது, உடல் பருமன், வயது, குளிர், மேலே வந்ததும் பளு தூக்கியது எல்லாம் கணக்கை மாற்றும்.

இன்னொரு காரணம் பிறவியிலேயே இருக்கலாம். கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவில் ஒரு திறப்பு இருக்கும். நாலு பேரில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. சாதாரண வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. ஆனால் நுரையீரல் வடிகட்டி என்று முன்னால் சொன்னேனே, சிரைக் குமிழ்கள் இந்தத் திறப்பு வழியாக அந்த வடிகட்டியைத் தாண்டித் தமனிக்குப் போய்விடலாம். காரணம் தெரியாமல் இப்படி வந்தவர்களுக்கு டாக்டர்கள் இதயத்தையும் சோதிப்பது அதனால்தான்.

இதையெல்லாம் யாருங்க கண்டுபிடிச்சாங்க?

1670இல் விஞ்ஞானி ராபர்ட் பாயில் ஒரு விரியன் பாம்பைக் காற்று நீக்கிய பாத்திரத்தில் வைத்தபோது அதன் கண்ணுக்குள் ஒரு குமிழ் அசைவதைப் பார்த்தார். மனிதர்களுக்கு வந்தது பாலம் கட்டியபோது. ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்று அடைத்த பெட்டி அறைகளில் அஸ்திவாரம் தோண்டிய தொழிலாளர்கள், வேலை முடிந்து வெளியே வந்ததும் வலியில் மடங்கி விழுந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் 1872இல் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதனால் படுத்தார். 1883இல் பாலம் திறக்கும்வரை மனைவி எமிலிதான் அவருக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் நின்று வேலையை நடத்தினார். அந்தப் பெயர் தெரியாத தொழிலாளர்களின் கால்களில்தான் இந்த விஞ்ஞானம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

காரணம் நைட்ரஜன் என்று 1878இல் பிரான்சின் பால் பெர் காட்டினார். 1908இல் இங்கிலாந்தின் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, நிறுத்தி நிறுத்தி ஏறும் அட்டவணையை வெளியிட்டார். குமிழ் வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை வைத்துத்தான் கணக்கு. அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அழுத்த அறைக்குள் தன்னையே சோதித்துக்கொண்டவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார்.

நெட்டி முறிச்சா வர்ற சத்தமும் குமிழ்தானாமே?

ஆமாம். விரலை இழுக்கும்போது மூட்டு நீரில் அழுத்தம் சட்டென்று குறைந்து ஒரு வாயுக் குழி உருவாகிறது. 2015இல் எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்துக் காட்டினார்கள். இது அந்த மூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

ஓசூர் கம்பெனில ஷிஃப்ட் முடிஞ்சதும் ஏர் கன்னால சட்டை தூசியைத் தட்டிக்கறோம். அதுல காத்து உடம்புல ஏறுமா?

ஏறலாம். கையில் வெட்டுக்காயமோ புண்ணோ இருந்தால் அதன் வழியாக அழுத்தக் காற்று தோலுக்கடியில் புகும், ரத்தத்திலும் போகலாம். கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து வேறு. விளையாட்டுக்காக ஒருவர் உடம்புத் துவாரத்தில் அந்தக் குழாயை வைப்பது கொலைக்குச் சமம், குடல் கிழிந்துவிடும். தூசிக்கு பிரஷ்ஷோ வாக்குவமோ கேளுங்கள்.

கே.ஆர்.பி. அணையில ஸ்கூபா விட்டா, 52 அடிதானே, சுலபம்தானே?

கிருஷ்ணகிரி பக்கத்தில் உள்ள அந்த அணையின் முழுக் கொள்ளளவு 52 அடி என்பது சரி. ஆனால் இங்கே தண்ணீரின் மேலே இருக்கும் காற்றே கடற்கரையைவிட மெலிது. மேலே வரும்போது அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதுதான் கணக்கு. அதனால் கடலுக்குப் போட்ட அட்டவணை 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலைகளுக்கு அப்படியே பொருந்தாது. உயரத்துக்கு மாற்றிய அட்டவணை வேண்டும், அல்லது கம்ப்யூட்டரில் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஊருக்கு வந்துட்டோம், ராத்திரி கால் மரத்துப்போச்சு. என்ன பண்ணணும்?

மல்லாக்கப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும் முகமூடி போட்டு முழு ஆக்சிஜன் கேளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98 காட்டுகிறதே என்று நிறுத்திவிடப் பார்ப்பார்கள். இங்கே ஆக்சிஜன் கொடுப்பது மூச்சுக்காக மட்டும் இல்லை. சுவாசத்தில் நைட்ரஜனே இல்லாதபோது குமிழிலிருந்து நைட்ரஜன் வேகமாக வெளியேறும். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கட்டும். போன ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாகவே “நேற்று கடலில் ஸ்கூபா டைவ் செய்தார், இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது. வலிக்காகச் சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கக் கூடாது, அது குமிழுக்குள் புகுந்து பெரிதாக்கும்.

உண்மையான சிகிச்சை அழுத்த அறையில்தான். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். வழக்கமான முதல் சுற்றே 4 மணி 45 நிமிடம். சிலருக்குப் பல சுற்றுகள் தேவைப்படும்.

அப்படின்னா மறுபடியும் தண்ணிக்குள்ள இறக்கிட்டா சரியாகிடுமே?

தத்துவம் சரி, செய்முறை ஆபத்து. கால் மரத்தவர், எப்போது வேண்டுமானாலும் மயங்கக்கூடியவர், காற்று தீர்ந்துபோகும் சிலிண்டரோடு மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இருக்க முடியாது. சுவாசிப்பது சாதாரணக் காற்றென்றால் இன்னும் நைட்ரஜன் சேரும். செய்யாதீர்கள்.

கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் பக்கம். ஆனா அது மேடு. சென்னை தூரம், ஆனா இறக்கம். எங்க போறது?

நல்ல கேள்வி. பெங்களூரு போக 400 மீட்டர் ஏற வேண்டும், அது குமிழைப் பெரிதாக்கும். சென்னை போனால் நேரம் போகும். அழுத்த அறை வைத்திருக்கும் எல்லா ஹைப்பர்பேரிக் மையமும் முக்குளித்தவர்களை எடுப்பதில்லை, ராத்திரியில் எல்லாம் திறந்தும் இருக்காது. அதனால் முதலில் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுக்க வைத்துவிட்டு, அங்கிருந்து டாக்டர் மூலமாகவே போன் போட்டு எந்த அறை தயார் என்று கேளுங்கள். டைவ் கூட்டிப்போனவர்களையும் எழுப்புங்கள். முக்குளிப்பவர்களுக்கான அவசர உதவி எண் அவர்களிடம் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் வழி முழுக்க ஆக்சிஜன் நிற்கக் கூடாது. எந்தப் பாதை என்று அந்த எண்ணில் பேசும் நிபுணர் முடிவு செய்யட்டும்.

சரியாகிட்டேன். திரும்ப எப்ப இறங்கலாம்?

வெறும் மூட்டு வலியோடு முடிந்திருந்தால் டாக்டர் சில வாரங்கள் கழித்து அனுமதிக்கலாம். நரம்பு பாதித்திருந்தால் மாதக்கணக்கு, சிலருக்கு இனி இல்லை என்றே சொல்வார்கள். முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் நான் யாரையும் படகில் ஏற்றுவதில்லை, ஊர்க்காரர் என்றாலும்.